புதர்வெளிக்கு முதுகு காட்டி நின்ற தெரு

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஓர் அலுமினியத் தட்டு. பிறந்தநாள் விழாக்களுக்குப் புரியாணி நிரப்பிக் கொண்டுவருவார்களே, அந்த அளவு. தேவாலயத்தின் கார் தரிப்பிடத்து நடுவில், தாரின் மேல் இருந்தது. தட்டின் ஒரு பாதியில் காகித மட்டையால் செய்த சிறிய வீடு. வாசலில் கால்மிதியாக ஒரு துண்டுச் சாக்கு. வீட்டுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் குச்சிகளை நிறுத்திக் கட்டிய வேலி. வேலிக்கு அப்பால், மற்றப் பாதி முழுவதும் காய்ந்த புல்.

தமிழ்ப் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. தட்டைச் சுற்றி நின்றவர்களைச் சற்றுப் பின்னால் போகும்படி ஓர் ஆங்கிலேயப் பெண் கையால் காட்டினார். ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி, எங்களுக்கு நெருப்புப் பாதுகாப்புப் பயிற்சி தர வந்தவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, வேலைத்தலத்தில் போடும் கனத்த சப்பாத்து. அவர் குனிந்து புல்லின் ஓரத்தில் நெருப்பு வைத்தார். மண்டபத்துக்குள்ளிருந்து வயர் இழுத்துக் கொண்டுவந்த தலைமுடி உலர்த்தியை அதன் பின்னால் பிடித்தார். அதுதான் காற்று.

புல் ஒரே மூச்சில் எரிந்து முடிந்தது. வேலியில் சில குச்சிகள் கருகின. வீடு அப்படியே நின்றது.

"முடிஞ்சுதோ?" என்றார் மண்டபத்தின் திறப்பை, சாவிக்கொத்தை, வைத்திருக்கும் அண்ணை. "இதுக்கோ எங்களை வெயிலுக்கை நிப்பாட்டினவ?"

நான் அதை மொழிபெயர்த்தேன். பயிற்சியாளர் சிரித்து, பொறுங்கள் என்று விரலை உயர்த்தினார். எல்லோரும் பொறுத்தோம். குழந்தையொன்று அழத் தொடங்கி நிறுத்தியது. பிறகு வாசலில் கிடந்த சாக்குத் துண்டிலிருந்து நூல் போல ஒரு புகை எழுந்தது. சாக்கு ஓரத்தில் சிவந்தது. சிவப்பு கதவுக்கு ஏறியது. மட்டை வீடு உள்ளிருந்து வெளிச்சமாகி, மடிந்து விழுந்தது. புல் இருந்த இடத்தில் அப்போது கையை வைத்திருந்தாலும் சுட்டிருக்காது.

"சுவாலை உங்கள் வீட்டைத் தேடி வருவது குறைவு," என்றார் பயிற்சியாளர். "அது அனுப்பும் பொறிதான் வரும். வேலியைத் தாண்டும், கூரைக்கு மேலால் போகும், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்காரும். நெருப்பு போய்விட்டது என்று நீங்கள் நினைக்கும்போதுதான் வீடு எரியத் தொடங்கும்."

"உது வீடில்லை, கேக் பெட்டி," என்றார் திறப்பு அண்ணை. "எங்கட வீடு செங்கல்லு. மழை பெய்ஞ்சு பெய்ஞ்சு சுவரெல்லாம் பூஞ்சணம். அது எரியுமோ?"

"உங்கட ஷெட்டுக்கை நீங்கள் அடைஞ்சு வைச்சிருக்கிற சாமானுக்கு நெருப்பே தேவையில்லை. வெயிலே காணும்," என்றார் அவருடைய மனைவி. நின்றவர்கள் சிரித்தார்கள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பயிற்சியாளர் கேட்கவுமில்லை.

மொழிபெயர்ப்பு என் தொழில். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தியாளராக இருந்தேன். லண்டனுக்கு வந்த பிறகு, மருத்துவமனைகளிலும் கவுன்சில் அலுவலகங்களிலும் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்கிறேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்தப் பயிற்சிக்கு மட்டும் அந்த விதியில் ஒரு தளர்வு இருந்தது. பங்குத் தந்தை கேட்டுக்கொண்டதற்காக நான் காசு வாங்காமல் சும்மா வந்தேன். அதனால் பயிற்சியும் பெற்றேன்.

பயிற்சியாளரின் முறை எளிமையானது. அவர் எல்லா வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். ஒவ்வொரு தெருவிலும் சிலரைப் பழக்குவார். அவர்கள் தங்கள் மொழியில், தங்களுக்குத் தெரிந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லவேண்டும். எங்கள் தெருக்கள் பார்க்கிங் என்ற ஊரைத் தாண்டிக் கிழக்கே, லண்டன் தேய்ந்து முடியும் இடத்தில் இருக்கின்றன. அவற்றில் கடைசித் தெருவுக்குப் பின்னால் வீடுகள் இல்லை. ஒரு காலத்தில் குப்பை கொட்டி மூடிய நிலம், பிறகு கவனிப்பார் இல்லாமல் புல்லும் முட்புதரும் ஏறிக் கிடக்கிறது. இப்போது அங்கே நரி இருக்கிறது, சிலர் குதிரை மேய விடுகிறார்கள். தெருவின் வீடுகள் எல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். முந்திய கோடையில் அந்தப் புதர்வெளியில் ஒரு மூலை எரிந்து, புகை எங்கள் வீட்டு உடுப்புக் கொடிவரை வந்தது. அதன் பிறகுதான் இந்தப் பயிற்சி வந்தது.

தட்டைக் குளிர்வித்துவிட்டுப் பயிற்சியாளர் ஒரு கேள்வி கேட்டார். உடனே வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு போக ஒரு பை ஆயத்தமாக வைத்திருப்பவர்கள் யார்? மற்ற இடங்களில் இந்தக் கேள்விக்கு ஒன்றிரண்டு கை உயரும் என்று பின்னர் என்னிடம் சொன்னார். இங்கே ஐம்பதைத் தாண்டிய அநேகமாக எல்லோருடைய கையும் உயர்ந்தது.

"பாஸ்போட், காணி உறுதி, ஞானஸ்நான அத்தாட்சி," என்றார் ஒருவர். "எங்கட அல்மாரிக்குக் கீழ்த்தட்டிலை எப்பவும் கிடக்கும்."

"நகை?" என்று யாரோ கேட்டார்.

"அதை ஏன் உனக்குச் சொல்லவேணும்?"

பயிற்சியாளர் உயர்ந்த கைகளைச் சற்று நேரம் பார்த்தார். இவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை என்று என்னிடம் சொன்னார். அதையும் நான் தமிழில் சொன்னேன். சனத்துக்கு அது பிடித்திருந்தது. முகங்களில் தெரிந்தது. பிறகு அவர் வெளியேறும்போது செய்யவேண்டியவற்றைச் சொன்னார். காஸை நிறுத்துங்கள். யன்னல், கதவு எல்லாம் சாத்துங்கள். உத்தரவு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே போங்கள். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள், செபமாலை சொல்வது போல ஒரே குரலில்.

கேள்வி கேட்டவர் ஒருவர்தான். கடைசித் தெருவின் மூலை வீட்டு அக்கா. மன்னார்ப் பக்கம். மெலிந்த உடம்பு, பூசைக்குப் போட்ட முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

"எழும்பி நடக்க ஏலாத ஆளை என்னண்டு கொண்டு போறது?" என்று கேட்டார். "அதையும் அவவிட்டைக் கேளும் தங்கச்சி."

அடுத்த வாரம் நானும் பயிற்சியாளரும் மூலை வீட்டுக்குப் போனோம். நடக்க ஏலாத ஆள் அக்காவின் கணவர். தபால் பிரிக்கும் இடத்தில் இரவு ஷிப்ட் செய்து ஓய்வுபெற்றவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அத்தோடு அவருடைய ஆங்கிலமும் போய்விட்டது. லண்டனில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் வேலை செய்தவருக்கு, இப்போது தேநீர் கேட்பதற்கும் தமிழ்தான் இருந்தது. கீழ்த்தளத்து முன்னறையை அவருக்காக மாற்றியிருந்தார்கள். உயர்த்தித் தாழ்த்தும் கட்டில், சுவரில் பிடிகம்பி, சக்கர நாற்காலியோடு போய்க் குளிக்கக்கூடிய குளியலறை, வாசலில் சாய்தளம். ஒவ்வொன்றுக்கும் அக்கா கவுன்சிலோடு எத்தனையோ தடவை பேசியிருந்தார். சில தடவைகள் என் வாய் வழியாகவே பேசினார்.

"மருத்துவமனையிலை வைச்சே சொன்னவை, ஹோமிலை விடுங்கோ எண்டு," என்றார் அக்கா. "நான் ஏலாது எண்டிட்டன். அங்கை ஆர் இவரோடை தமிழிலை கதைக்கிறது? தண்ணி விடாய்ச்சாலும் கேக்க ஏலாது. இந்த அறை இருக்கிறபடியால்தான் இவர் என்னோடை இருக்கிறார். இந்த வீடு போச்செண்டா இவரும் போச்சு."

நான் மொழிபெயர்த்தேன். பயிற்சியாளர் தலையாட்டினார். கட்டிலில் கிடந்தவர் எங்களைப் பார்த்து, "வீட்டை எரிக்கப் போறியளோ?" என்று கேட்டார். மூவரும் சிரித்தோம். பயிற்சியாளர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

வீட்டின் பின்பக்கம் மோசமாக இருந்தது. மரவேலியை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து உள்ளே காய்ந்த செடிகளின் பச்சை மதில். வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு மரக் கொட்டில். அதுதான் பின் குசினி. எங்கள் ஆட்கள் அநேகமான வீடுகளில் வைத்திருப்பது. மீன் பொரிக்கும் வாசம் வீட்டுக்குள் ஏறாமல் இருக்க, வெளியே ஓர் அடுப்பு. கொட்டிலுக்குள் எண்ணெய்த் தகரங்கள், அட்டைப்பெட்டிகள், பழைய செய்தித்தாள்கள், ஒரு காஸ் சிலிண்டர். மழைநீர் ஓடும் கூரைப் பீலியில் முந்திய இலையுதிர் காலத்துச் சருகு. பின்வாசலில் ஒரு தும்புக் கால்மிதி.

பயிற்சியாளர் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றார். கொட்டிலுக்கு மட்டும் நின்றார்.

"உதைக் கழட்டினா நான் எங்கை சமைக்கிறது? இவருக்குப் பொரிச்ச மீன் இல்லாட்டிச் சோறு இறங்காது."

"வீட்டுக்குள்ளே சமைக்கலாமே," என்றார் பயிற்சியாளர்.

"அவவைக் கேளும், அவ சூடை மீன் பொரிச்சு வீட்டுக்குள்ளை இருந்து பாத்தவவோ எண்டு."

கேட்டேன். இல்லை என்றார். அன்று கொட்டில் தப்பியது. ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது கொட்டில் இருந்த இடத்தில் வெறும் சீமெந்துத் தரை இருந்தது. அக்கா அதைத் தண்ணீர் விட்டுத் தும்புத்தடியால் தேய்த்துக்கொண்டிருந்தார். யாரும் மேற்கொண்டு அவரை வற்புறுத்தவில்லை. தானாக யோசித்திருக்கிறார். பச்சை மதிலும் போய்விட்டது. பீலி சுத்தம். தும்புக் கால்மிதிக்குப் பதில் ரப்பர். சுவரிலுள்ள காற்றுத் துளைகளுக்கு, பயிற்சியாளர் சொன்னது போலவே, நெருக்கமான கம்பிவலை அடித்திருந்தார். கணவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றித் தெருவுக்குக் கொண்டுவர அவரும் அடுத்த வீட்டு நைஜீரியப் பெண்ணும் பலதடவை பழகினார்கள். கணவருக்கு அந்த ஒத்திகைகள் பிடித்திருந்தன. தெருவுக்கு வந்ததும், "இனி எங்கை?" என்பார். திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கோடை முழுவதும் மூலை வீட்டு அக்கா தெருவில் வீடுவீடாகப் போனார். தமிழ் வீடுகளுக்குத் தமிழில். மற்ற வீடுகளுக்கு, தன்னிடமிருந்த ஆங்கிலத்தையும் கையையும் வைத்து. "ஸ்பார்க். நாட் ஃபயர். ஸ்பார்க்," என்று ஒரு முதிய ஆங்கிலேயருக்கு அவருடைய வேலியைத் தட்டித்தட்டி விளக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் கேட்டுவிட்டு, தன் வேலியை அப்படியே விட்டார். திறப்பு அண்ணை தன் ஷெட்டை அப்படியே விட்டார். தெருவிலேயே நன்றாக ஆயத்தமான வீடு மூலை வீடுதான் என்று பயிற்சியாளர் என்னிடம் சொன்னார். தான் பழக்கியவர்களில் இப்படி ஒருவர் அமைவது அரிது என்றும் சொன்னார்.

அடுத்த கோடையில் மழை இல்லாத வாரங்கள் தொடர்ந்தன. பூங்காக்களில் புல் வைக்கோல் நிறமானது. நெருப்பு வந்தது ஒரு வேலைநாள் பிற்பகலில். நான் வீட்டில், தொலைபேசியில் ஒரு மருத்துவருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. தாழ்வான, மண்ணிறப் புகை. அதன் அடியில் ஒரு செம்மஞ்சள் கோடு. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: வெளிக்கிடுங்கோ.

ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். சனம் வெளிக்கிட்ட விதம் பார்க்கத் தக்கதாக இருந்தது. நான் தெரு முனைக்குப் போனபோது தமிழ் வீடுகள் ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்தன. கத்தல் இல்லை. ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பை. மற்ற வீட்டுக்காரர்கள் சிலர் தோட்டக் குழாயோடு வேலியருகே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்களுடைய கதவையும் தட்டிவிட்டுத்தான் போனார்கள். பயிற்சியாளர் அங்கே இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தேவாலய மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். திறப்பு அண்ணை மண்டபத்தைத் திறந்து, தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினார். தன் ஷெட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மூலை வீட்டு அக்கா கணவரை மேடையருகே நிழலில் நிறுத்தியிருந்தார். கணவருடைய மடியில் பை. அவர் வேர்த்திருந்தார், பயந்ததாகத் தெரியவில்லை.

"வந்திட்டீங்களோ அக்கா," என்றேன்.

"வராமல்? நாங்கள்தான் முதல். அடுத்த வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போட்டா. நானே தனியத் தள்ளிக்கொண்டு வந்திட்டன்." அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் ஒரு திருப்தி இருந்தது. "ஒண்டும் விடேல்லை. காஸ் நிப்பாட்டினன். மெயின் சுவிச்சு நிப்பாட்டினன். குப்பை வாளியை வேலியிலை இருந்து தள்ளி வைச்சன். கடைசியா மேலை ஓடிப்போய் யன்னல் எல்லாத்தையும் திறந்து விட்டிட்டு வந்தன்."

பக்கத்தில் இருந்த இரண்டு மூதாட்டிகள் தலையாட்டினார்கள். ஒருவர், "நானும் திறந்து விட்டிட்டுத்தான் வந்தனான்," என்றார்.

திறப்பு அண்ணையின் மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தவள் நின்றாள். "அன்ரி, யன்னலை குளோஸ் பண்ணத்தானே சொன்னவை?"

"என்ன?"

"ஸ்பார்க் உள்ளை போகும் அன்ரி. நீங்கதானே எங்கட வீட்டை வந்து சொன்னீங்கள்."

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் நடந்ததை நான் முழுவதும் பார்த்தேன். வேறு பக்கம் பார்க்கத் தோன்றவில்லை.

எங்கள் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் விமானக் குண்டும் பீரங்கிச் செல்லும் விழுந்த போர் வருடங்களில், சத்தம் கேட்டதும் நாங்கள் முதலில் செய்தது யன்னல்களைத் திறப்பது. மூடியிருந்தால் குண்டின் அதிர்வுக்குக் கண்ணாடி நொறுங்கி உள்ளே பறக்கும், சட்டமும் பெயர்ந்து விழும். திறந்து விட்டால் காற்று வந்த வழியே போய்விடும். யாரும் எங்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. ஒரு வீட்டில் கண்டதை அடுத்த வீட்டில் செய்தோம். பதுங்குகுழிக்குப் போவதற்கு முன் திறப்போம். ஊரை விட்டே போகும்போதும் திறந்து வைத்துவிட்டுப் போவோம், வீட்டுக்குச் செய்யக்கூடிய கடைசி உபகாரமாக. அக்கா அன்று காலையிலிருந்து வெப்பம் உள்ளே வராமல் எல்லா யன்னலையும் சாத்தித் திரை இழுத்து வைத்திருந்தார். அவை சாத்தித்தான் இருந்தன. வீட்டை விட்டுப் போகும் அவசரத்தில் மேலே ஓடி, ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார்.

"செல் அடிச்சா..." என்று தொடங்கினார். நிறுத்தினார். "இவரைப் பாத்துக்கொள்ளும். நான் ஓடிப்போய்ச் சாத்திப்போட்டு வாறன்."

நான் அவருக்குப் பின்னால் போனேன். தெரு முனையில் பொலிஸ் நாடா கட்டியிருந்தார்கள். தீயணைப்பு வண்டிகளின் குழாய்கள் தெரு நீளத்துக்குக் கிடந்தன. காற்றில் கருகிய புல் நூல்நூலாகப் பறந்து வந்து கையில் ஒட்டியது. அக்கா நாடாவைத் தூக்கிக் குனிந்தார். இளம் பொலிஸ்காரர் ஒருவர் அவருடைய தோளைப் பிடித்தார், மென்மையாகத்தான்.

"என்ரை வீட்டு யன்னல் திறந்திருக்கு எண்டு சொல்லும் தங்கச்சி. மூலை வீடு. மேலை பின் அறை ரெண்டும், முன் அறையும். குளியலறைச் சின்ன யன்னலும். சொல்லும்."

சொன்னேன். பொலிஸ்காரர் தீயணைப்பு அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டார். அவருக்கும் சொன்னேன். அவர் வீட்டு எண்ணைக் கேட்டு, கையிலிருந்த வானொலிக் கருவியில் சொன்னார். வண்டிகள் அப்போது தெருவின் மறு முனையில் இருந்தன. அங்கே வேலிகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் எங்களிடம், மூலை வீட்டின் பின்பக்கம் நன்றாக இருக்கிறது, புல்லிலிருந்து வந்த நெருப்பு வெறும் தரையில் நின்றுவிட்டது என்றார். அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"நிண்டிட்டுதாமோ?"

"ஓம் அக்கா. வெறுந்தரையோடை நிண்டிட்டுதாம்."

அவர் குருசு அடையாளம் போட்டார். நாங்கள் அங்கேயே நின்றோம். புதர்வெளிப் பக்கம் புகை வெளுக்கத் தொடங்கியது. ஒருவர் தன் காரை எடுக்கலாமா என்று பொலிஸ்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபத்து போய்விட்டது என்று நின்றவர்கள் பேசத் தொடங்கிய நேரத்தில், மூலை வீட்டின் மேல் பின்னறை யன்னலிலிருந்து ஒரு மெல்லிய மஞ்சள் புகை வந்தது. நூல் போல.

அக்கா நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்னறையில் யன்னலோரம் ஒரு கட்டில் இருந்தது. மெல்லிய துணித் திரை. கனடாவிலிருந்து வரும் மகள் குடும்பத்துக்காக அடுக்கி வைத்த மெத்தைகள். அங்கேதான் பொறி விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். வண்டி வந்து தண்ணீர் அடித்தது. மேல்தளமும் கூரையின் பாதியும் போயின. கீழ்த்தளத்தில் நெருப்பு இல்லை. ஆனால் மேலே அடித்த தண்ணீர் முழுவதும் கீழே இறங்கி, முன்னறையின் கூரைப் பலகை கட்டிலின் மேல் விழுந்தது. வேலியை அப்படியே விட்ட ஆங்கிலேயரின் வேலி எரிந்தது, வீடு நின்றது. திறப்பு அண்ணையின் ஷெட் எரியவில்லை. யன்னலைத் திறந்துவிட்டு வந்ததாகச் சொன்ன மூதாட்டியின் வீட்டுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பிப் போனபோது கணவர் கேட்டார்: "முடிஞ்சுதோ? வீட்டை போவமோ?"

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் அக்கா. "அங்கை ஆக்கள் துப்பரவாக்கினம்."

சில நாள் கழித்துப் பயிற்சியாளர் என்னைத் தேநீர்க் கடையொன்றில் சந்தித்தார். ஏன் திறந்தார் என்று கேட்டார். குண்டுவீச்சுக் காலத்து வழக்கத்தைச் சொன்னேன்.

"நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லையா?"

"விளங்கியது. மற்றவர்களுக்கும் சரியாகத்தான் சொன்னார்."

"அப்படியானால்?"

அன்று தரிப்பிடத்தில் உயர்ந்த கைகளைப் பற்றி மட்டும் அவரிடம் பேசினேன். அவர்களிடம் பை இருந்தது. அந்தப் பையோடு வேறு என்னவெல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு அந்த வழக்கம் தெரியும், நானும் பல தடவை ஓடி ஓடித் திறந்திருக்கிறேன். ஆனால் அன்று, எரியும் மட்டை வீட்டின் முன் நின்றபோது, அது என் ஞாபகத்தின் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் வேறொரு தேவாலயத்தில் நடந்த பயிற்சிக்கு அவரோடு போனேன். தட்டையும் மட்டை வீட்டையும் காட்டுவதற்கு முன் அவர் ஒரு கேள்வியோடு தொடங்கினார். கடைசியாக நீங்கள் ஒரு வீட்டை விட்டு ஓடியபோது என்ன செய்தீர்கள்? நான் மொழிபெயர்த்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். கிணற்றுக்குள் பாத்திரங்களை இறக்கியவர். மாட்டை அவிழ்த்து விட்டவர். நாய்க்குச் சோறு வைத்தவர். யன்னலைத் திறந்தவர்கள் பலர். கதவைப் பூட்டாமல் வந்தோம், பூட்டினால் உடைத்துவிடுவார்கள் என்றார் ஒருவர். பயிற்சி இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. கடைசியில், என்ன செய்யவேண்டும் என்று பயிற்சியாளர் கேட்டபோது, யன்னலைச் சாத்தவேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் அந்தக் குரலை நம்பவில்லை. பயிற்சியாளரும் நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரையும் எழுப்பி, மண்டபத்து யன்னல்களைக் கையால் சாத்தித் திறந்து சாத்தவைத்தார். சிலர் சிரித்தார்கள்.

மூலை வீட்டைச் சுற்றி இப்போது கம்பிச் சாரம் கட்டியிருக்கிறது. காப்புறுதி நிறுவனம் ஒரு பொறியியலாளரை அனுப்பியது, பிறகு இன்னொருவரை. வேலை எப்போது தொடங்கும் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா தெற்கு லண்டனில், நோர்பரியில் தங்கை வீட்டில் இருக்கிறார். அங்கே படிக்கட்டு ஒடுக்கம், கீழே குளியலறை இல்லை. கணவருக்குத் தற்காலிகமாக என்று சொல்லி, பார்க்கிங்குக்கு வடக்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கொடுத்தார்கள். அவரை அங்கே சேர்த்த நாளில் மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். தாதி கனிவானவர். என்ன சாப்பிடுவார், எப்படித் தூங்குவார் என்றெல்லாம் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கணவர் என்னைப் பார்த்து, "இது ஆரின்ரை வீடு?" என்று கேட்டார். அதற்கு அக்கா பதில் சொல்லட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவருடைய சேட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.

அக்கா தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அங்கே போய்விடுகிறார். நோர்பரியிலிருந்து அந்த இல்லத்துக்கு இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும்.